புழு ஷெட்டுக்குப் பெட்டி வைத்த யுவராணி

அந்த விண்ணப்பத் தாள் முழுக்க இங்கிலீஷில் இருந்தது. பட்டுப்புழு வளர்க்கும் பெண்களுக்கு ஐந்து நாள் இலவசப் பயிற்சி என்று சொல்லி எங்களைத் தர்மபுரிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மின்விசிறிக் காற்றில் தாள் பறக்கப் பார்த்தது. நான் அதைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக உட்கார்ந்திருந்தேன். நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். தமிழ் தடங்கல் இல்லாமல் படிப்பேன். இங்கிலீஷில் என் பேரை மட்டும் கண்டுபிடிப்பேன், அதுவும் பெரிய எழுத்தில் இருந்தால்.

பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் சட்டென்று கையைத் தூக்கினாள்.

"சார், இந்த இங்கிலீஷு எனக்குச் சுத்தமா ஏறாதுங்க. தமிழ்ல ஒரு தாளு குடுங்க. இல்லன்னா நீங்களே வந்து எழுதிக்குங்க."

பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் சட்டை செய்யவில்லை. தமிழ்த் தாள் ஒரு கட்டாகவே வந்தது. தனக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு மிச்சத்தை என் பக்கம் தள்ளினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மூன்று மாதம் கழித்து, அதே பெண் போனில் யாரோ ஒரு ஆளிடம் சரசரவென்று இங்கிலீஷில் சண்டை போட்டதை நான் கேட்டேன். அவள் பி.எஸ்சி. கணக்கு படித்தவள். தாள் விஷயத்தை அவளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

அவள்தான் யுவராணி. முப்பத்தைந்து வயது இருக்கும். மொரப்பூர்ப் பக்கம் பிறந்தவள். அவள் வீட்டுக்காரர் தொப்பூர் கணவாயில் கவிழ்கிற லாரிகளைத் தூக்கி நிறுத்தும் கிரேன் ஓட்டுகிறவர். அதியமான்கோட்டையை ஒட்டின எங்கள் ஊரில், நான் இருக்கும் தெருவிலேயே, செல்லம்மாள் ஆத்தா வீட்டுப் பின்கட்டில் வாடகைக்கு வந்து அப்போதுதான் இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவளிடம் மல்பெரித் தோட்டமும் கிடையாது, புழுவும் கிடையாது. கம்ப்யூட்டர் சொல்லித் தருவார்கள் என்று நோட்டீசில் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தாள். தாளில் "மல்பெரி எத்தனை ஏக்கர்?" என்ற இடத்தில், என் தாளை எட்டிப் பார்த்து, "பக்கத்து வீட்டில் ஒன்றரை ஏக்கர்" என்று எழுதிக் கொடுத்தாள்.

"பக்கத்து வீட்டுல இருந்தா உங்களுக்கு எப்படிம்மா சேரும்?" என்றார் பயிற்சி கொடுக்க வந்தவர்.

"அந்தப் பக்கத்து வூடு இதோ உக்காந்திருக்குதுங்க" என்று என்னைக் காட்டினாள். "நான் அவங்களுக்குத் தொணைக்கு வந்தேன்."

செல்லம்மாள் வீட்டுக்கு யாரோ குடி வந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதோடு சரி, அவளிடம் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனாலும் தலையை ஆட்டிவைத்தேன். எங்கள் ஊர்க் கோயில் பைரவர் மன்னிக்க வேண்டும், அன்றைக்கு நான் சொன்ன முதல் பொய் அது.

நான் அந்தப் பயிற்சிக்குப் போனதற்குக் காரணம் இருந்தது. வரிசையாக மூன்று தடவை எங்கள் புழு வீணாகிவிட்டது. பட்டுப்புழு குழந்தை மாதிரி. சூடு இருபத்தைந்து, இருபத்தாறு டிகிரிக்கு மேலே போகக் கூடாது. காற்றில் ஈரம் எழுபதுக்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் தழை சருகாகிவிடும். சருகைப் புழு தின்னாது. தின்னாத புழு கூடு கட்டாது. நாங்களும் ஜன்னலுக்கு ஈரச் சாக்குத் தொங்கவிட்டு, தரையில் தண்ணீர் தெளித்து, என்னென்னவோ செய்து பார்த்தோம். மூன்றாவது தடவையும் புழுவை வாரிக் குழியில் கொட்டினபோது, என் வீட்டுக்காரர் ராஜப்பன் கை கழுவிக்கொண்டே சொன்னார்:

"இன்னும் ஒரே ஒரு தடவ பாக்கலாம். அதுவும் போச்சுன்னா மல்பெரியப் புடுங்கிட்டு நான் பெங்களூரு போறேன். மச்சான் வாட்ச்மேன் வேலைக்குச் சொல்லி வெச்சிருக்கான்."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குப் பயம் இல்லை. நிதானமாகச் சொன்னார். மல்பெரி வைத்தது நான். கன்று நட்டது, களை எடுத்தது, தழை வெட்டிச் சுமந்தது எல்லாம் இருவரும்தான். ஆனால் வைக்கலாம் என்று அடம்பிடித்தது நான். அவர் அங்கே யார் வீட்டு வாசலிலோ சீருடை போட்டுக்கொண்டு நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

பயிற்சியில் சீட்டுக்கட்டு அளவுக்கு ஒரு பச்சை அட்டையைக் காட்டினார்கள். அதுவே ஒரு முழுக் கம்ப்யூட்டராம். ராஸ்பெரி பை என்று பேர். அதோடு ஒரு வெள்ளை வில்லையை வயரில் கோர்த்தால் சூடும் ஈரமும் எவ்வளவு என்று சொல்லும். நாம் எழுதி வைக்கிறபடி ஃபேனைப் போடும், பனி மாதிரி தண்ணீர் தூவுகிற ஃபாகரைப் போடும், போனுக்குச் சேதி அனுப்பும். இரண்டாம் நாளே எனக்குத் தட்டச்சு வராது என்று விரல்களுக்குப் புரிந்துவிட்டது. மத்தியானச் சாம்பார் சாதம் நன்றாக இருந்ததால் மூன்றாம் நாளும் போனேன். நான்காம் நாள் மனசாட்சி கேட்கவில்லை, நின்றுவிட்டேன். யுவராணி மட்டும் ஐந்து நாளும் போனாள். ஆறாம் நாளும் போயிருக்கிறாள், பூட்டியிருந்ததாம்.

அவள் இதில் இப்படி விழுந்து கிடந்ததற்கும் காரணம் உண்டு. கல்யாணமான புதிதில் ஒரு சுங்கச்சாவடியில் ரசீது கிழிக்கும் வேலையில் இருந்தாள். வண்டிக் கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டும் முறை வந்தது. மெஷின் ஸ்டிக்கரைப் பார்த்துத் தானே கம்பியைத் தூக்கியது. யுவராணிக்கு அங்கே வேலை இல்லாமல் போனது.

"ஒரு மெஷினு என் நாற்காலிய எடுத்துக்குச்சுக்கா. எடுத்தா எடுத்துட்டுப் போவட்டும். ஆனா அது எப்படி யோசிக்குதுன்னு தெரிஞ்சுக்காம நான் வுட மாட்டேன்" என்பாள்.

எனக்கு அவள் புரோகிராம் சொல்லிக் கொடுத்ததும் சுங்கச்சாவடிக் கணக்கில்தான். "வண்டி வந்தா கம்பியத் தூக்கு. வரலன்னா கம்பி கீழயே கெடக்கட்டும். அவ்ளோதாங்க்கா. ஈரம் எழுபதுக்குக் கீழ போனா ஃபாகரப் போடு, போவலன்னா சும்மா கெட."

"இதச் சொல்றதுக்கா ராத்திரி பகலா உக்காந்திருக்க?"

"சொல்றது சுலுவு. அதுக்குப் புரியற மாதிரி சொல்லணுமே. ஒரு எடத்துல நாலு எழுத்து எடம் வுடணும், நான் மூணு வுட்டுட்டேன். ரெண்டு நாளா மூஞ்சியத் திருப்பிக்கிட்டு இருக்குது."

யுவராணி ஒரு காரியத்தில் உட்கார்ந்தால் உலகம் அவளுக்கு இல்லை. 'ரெண்டு நிமிஷம்' என்றாளானால் மூன்று மணி நேரம். கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடுவாள். சோறு வெந்ததும் சொல்கிற கருவி செய்கிறேன் என்று ஒரு நாள் காலையில் ஆரம்பித்தாள்; கருவி சரியாகத்தான் சொன்னது, குக்கரில் அரிசி போட மறந்திருந்தாள். கம்ப்யூட்டரிடம் பேசும்போது, வேலை நடந்தால் "வா கண்ணு, போ கண்ணு" என்பாள். நடக்காவிட்டால் "ஏனுங்க, உங்களுக்கு என்னதாங்க வேணும்?" என்று மரியாதைக்குத் தாவிவிடுவாள். அவள் குரலில் 'ங்க' வந்தால் அன்றைக்கு அவள் வீட்டில் சமையல் இல்லை என்று தெருவுக்கே தெரியும்.

எங்கள் ஷெட்டுக்குப் பெட்டி வைக்கிறேன் என்று அவளே முன்வந்தாள். அதற்கு முன்னால் வெள்ளோட்டம் பார்க்கச் செல்லம்மாள் வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டியில் ஒன்று வைத்தாள். தண்ணீர் குறைந்தால் மோட்டார் ஓட வேண்டும், நிறைந்தால் நிற்க வேண்டும். குறைவு, அதிகம் என்று காட்டுகிற கோணல் குறியை மாற்றிப் போட்டுவிட்டாள். தொட்டி நிறைய நிறைய மோட்டாருக்கு உற்சாகம் வந்தது. தெருவில் தண்ணீர் ஓட, பெண்கள் குடத்தோடு வந்து நின்றார்கள். செல்லம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடு வாசலில் நின்று சொன்னாள்:

"ஏன்டி யுவராணி, வாடகைக்கு வந்தவ வூட்டக் கழுவி வுடுவான்னு பாத்தா, ஊரையே கழுவி வுடறியே!"

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் உள்ளே வந்து, "இந்தப் பொண்ணையா நம்ம புழுவுகிட்ட வுடப் போற?" என்றார். நான், "குறியத் திருப்பிப் போட்டா சரியாயிடுமாம்" என்றேன். "திருப்பிப் போடறதுக்குப் புழு இருக்கோணுமே" என்றார்.

ஆனாலும் வைத்தோம். வேறு வழி இல்லை. கடலைமிட்டாய் டப்பாவில் ஓட்டை போட்டு, அதற்குள் பச்சை அட்டையை வைத்து, சுவரில் மாட்டினாள். வெள்ளை வில்லையைப் புழுத் தட்டுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டாள். அது தீப்பெட்டியில் பாதி இருக்கும், முகம் முழுக்கச் சல்லடை மாதிரி ஓட்டை. ஃபாகருக்கு ஏற்கெனவே இருந்த சுவிட்சைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"அது எதுக்கும்மா கழட்டற?" என்றார் ராஜப்பன்.

"மாமா, பெட்டி ஒண்ணு சொல்லி நீங்க ஒண்ணு சொன்னா ஃபாகரு யாரு பேச்சக் கேக்கும்? ஒரு வூட்டுக்கு ஒரு எசமானுதான்."

"எங்க வூட்டுல அப்படித்தான் நடக்குது" என்றார் அவர், என்னைப் பார்த்து.

போனில் தமிழிலேயே சேதி வந்தது. 'சூடு 25. ஈரம் 76. புழு சவுக்கியம்.' கடைசி வரி யுவராணி எனக்காகச் சேர்த்தது. முதல் வாரம் ராஜப்பன் நம்பவில்லை, ஐந்து தரம் உள்ளே போய் வந்தார். இரண்டாம் வாரம் இரண்டு தரம். புழு கடைசித் தோல் உரித்து, விரல் தடிமன் ஆனபோது அவருக்குப் பெட்டிமேல் வந்த பக்தியைச் சொல்லி முடியாது. டீக்கடையில் போனை நீட்டி, "பாருங்க, என் புழு சவுக்கியம்" என்று காட்டிக்கொண்டிருந்தார். டீக்கடைக்காரர் சர்க்கரை போட மறந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் ஆயுத பூஜை வந்தது.

அந்தப் புரட்டாசியில் மழை தள்ளிப்போய், வெயில் சித்திரை மாதிரி காய்ந்தது. புழு கூடு கட்ட இன்னும் ஐந்தே நாள். அந்த ஐந்து நாளில் அது தின்கிற தழைதான் கூட்டில் பட்டாக இருக்கும். காலையிலேயே குளித்து, அரிவாள், மண்வெட்டி, தழை வெட்டும் கத்தி, ராஜப்பனின் வண்டி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். ஷெட்டுக்குள் புகை ஆகாது. ஊதுபத்தி, கற்பூரம், பவுடர் வாசனைகூடப் புழுவுக்குக் கெடுதல். அதனால் ரொம்பக் கவனமாக, எதையும் கொளுத்தாமல், சந்தனக் கிண்ணத்தோடு மட்டும் உள்ளே போனேன். தட்டுகளுக்கு ஒரு பொட்டு. ஃபாகருக்கு ஒரு பொட்டு. கடலைமிட்டாய் டப்பாவுக்கு ஒரு பொட்டு. வெள்ளை வில்லையைப் பார்த்தேன். இத்தனை நாள் ராப்பகலாக எங்கள் புழுவைக் கவனித்தது அதுதானே? அதற்குச் சின்னப் பொட்டு வைத்தால் போதுமா? முகம் நிறைய, வஞ்சனை இல்லாமல், குழைத்த சந்தனத்தைப் பூசிவிட்டேன். மேலே குங்குமம். பைரவா, நீதான் பார்த்துக்கொள் என்று கும்பிட்டு வந்தேன்.

பத்து மணிக்குப் போனில் சேதி: 'ஈரம் 99. புழு சவுக்கியம்.'

"பாத்தீங்களா, சாமி கும்பிட்ட கையோட!" என்றேன் நான். ராஜப்பன் டீக்கடைக்குப் போனார். பன்னிரண்டு மணிக்கு 99. ஒரு மணிக்கு 99. அவருக்குப் பெருமை தாங்கவில்லை. கல்யாண வீட்டில் மொய் வாங்குகிறவர் மாதிரி உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானத் தழை போட ஷெட்டுக்கு நான்தான் போனேன்.

புழு தின்கிற சத்தம் தகரத்தில் மழை பெய்கிற மாதிரி இருக்கும். கதவைத் திறந்தேன், சத்தமே இல்லை. காலையில் போட்ட தழை அப்படியே கிடந்தது. தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. புழுவெல்லாம் தலையைத் தூக்கிக்கொண்டு, அசையாமல் கிடந்தன. மூன்று தடவையும் சாவதற்கு முன்னால் இப்படித்தான் கிடந்தன.

"ஏங்க!" என்று கத்தினேன். ராஜப்பன் ஓடிவந்து, புழுவைப் பார்த்தார், போனைப் பார்த்தார். "தொண்ணூத்தொம்போதுன்னு போட்டிருக்குதே" என்றார், ஏமாந்த குழந்தை மாதிரி. அப்புறம் கதவோரம் உட்கார்ந்துவிட்டார். அவர் மனசு பெங்களூர் பஸ் ஏறிவிட்டது எனக்குத் தெரிந்தது.

என் கத்தல் கேட்டு யுவராணி ஈரத் தலையோடு ஓடிவந்தாள். அந்த அவசரத்திலும் வாசலில் கிருமிக்காக வைத்திருந்த மருந்துத் தண்ணீரில் கால் நனைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள். புழுவைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். வெள்ளை வில்லையின் முன்னால் குனிந்து நின்றாள். சந்தனம் சல்லடை ஓட்டைக்குள் எல்லாம் இறங்கி, இன்னும் ஈரமாகவே இருந்தது.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அது ஷெட்டின் ஈரத்தைச் சொல்லவில்லை, என் சந்தனத்தின் ஈரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. ஈரம் நிறைய இருக்கிறது என்று நம்பிப் பெட்டி ஃபாகரைப் போடவே இல்லை. "நான்தான் கண்ணு. நான்தான் பூசினேன்" என்றேன்.

"நீங்க பொட்டு வெச்சீங்க. கேக்காம நம்புன்னு அதுக்கு எழுதி வெச்சது நானு" என்றாள். "நாலு மணி நேரமா ஒரே நம்பரு. இப்படி எந்த ஊருல அசையாம நிக்கும்? அந்தச் சந்தேகம் அதுக்கு வரணும்னு நான் எழுதல."

"மொதல்ல ஃபாகரப் போடு தாயி!" என்றார் ராஜப்பன்.

யுவராணி சுவிட்ச் இருந்த இடத்தைப் பார்த்தாள். அங்கே இரண்டு ஆணி ஓட்டைதான் இருந்தது. மூன்று பேரும் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"லேப்டாப்ல சொன்னாத்தான் போடும்" என்றாள் மெதுவாக. "அது பூஜையில இருக்குதுக்கா."

செல்லம்மாள் வீட்டில் பூஜை பெரிது. புத்தகம், கணக்கு நோட்டு, தையல் மெஷின், யுவராணியின் லேப்டாப் எல்லாம் சரஸ்வதி படத்துக்கு முன்னால் பட்டுத்துணி போர்த்தி வைத்திருந்தது. மறுநாள் காலையில் பூஜை முடித்துத்தான் எடுக்க வேண்டும். அதுவரை யாரும் தொடக் கூடாது. யுவராணிக்கு இதிலெல்லாம் பெரிய பயம் இல்லை. ஆனால் அவள் போகாமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் வாரம் தவறாமல் கோயிலுக்குப் போகிறவள், தேய்பிறை அஷ்டமியில் பைரவருக்கு விளக்குப் போடாமல் விட்டதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

நானே போனேன். செல்லம்மாள் கதவை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏம்மா, நீயா இப்படிப் பண்ற? பூஜையில வெச்சத இன்னிக்கே எடுக்கறதா?"

"ஆத்தா, அங்க அத்தன உசுரு வாயத் தெறந்துகிட்டுக் கெடக்குது. சரஸ்வதி என்னயக் கேக்கட்டும், நான் பதில் சொல்லிக்கறேன்."

கன்னத்தில் போட்டுக்கொண்டு, பட்டுத்துணியை விலக்கி லேப்டாப்பை எடுத்தேன். செல்லம்மாள் பின்னாலேயே வந்தாள். திட்ட வந்தாள் என்று நினைத்தேன், கையில் ஈரச் சாக்கு இரண்டு இருந்தது.

யுவராணி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தட்டினாள். மூடியில் இருந்த குங்குமம் அவள் விரலெல்லாம் ஒட்டியது. "ஏனுங்க, போடுங்க, போடுங்க" என்று கெஞ்சினாள். ஃபாகர் 'ஸ்ஸ்' என்று பனி தூவியது. நாங்கள் சருகை வாரி எறிந்து, புதுத் தழை வெட்டி வந்து பரப்பினோம். சாக்கை நனைத்து ஜன்னலில் கட்டினோம். அப்புறம் நான்கு பேரும் தட்டுகள் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம்.

ஐந்து மணிக்கு மேல் ஒரு ஓரத்துத் தட்டில் லேசாகச் சத்தம் கேட்டது. தூறல் போடுகிற மாதிரி. அடுத்த தட்டில். அதற்கடுத்த தட்டில். ராஜப்பன் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, "பனி ரொம்ப அடிக்குது" என்றார்.

எல்லாம் பிழைத்தது என்று சொல்ல மாட்டேன். இரண்டு தட்டுப் புழு கூடு கட்டாமலே போயிற்று. மிச்சம் கட்டியது. பட்டுக்கூடு அங்காடியில் கூட்டைக் காதோரம் ஆட்டிப் பார்த்த வியாபாரி, எதுவும் குறை சொல்லாமல் அடுத்த கூடையைக் கேட்டார். அன்றைக்குச் சாயங்காலம் ராஜப்பன் போனில், "மச்சான், அந்த வாட்ச்மேன் வேலைக்கு வேற ஆளப் பாத்துக்க. இங்க எனக்கு வேல இருக்குது" என்றதை நான் அடுப்படியிலிருந்து கேட்டேன்.

யுவராணி சுவிட்சைத் திரும்ப மாட்டினாள். அரை மணி நேரம் ஒரே நம்பர் அசையாமல் நின்றால், 'எனக்கே சந்தேகமாக இருக்கிறது, வந்து பார்க்கவும்' என்று சேதி வருகிற மாதிரி எழுதினாள். அந்த வருஷத்துக்குள் எங்கள் பக்கத்தில் ஏழெட்டு ஷெட்டுக்குப் பெட்டி வைத்தாள். ஏழெட்டு வீட்டிலும் கண்ணாடியை மறந்துவிட்டு வந்தாள்.

இப்படிச் சாதனங்கள் செய்கிற கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்தது. வீட்டுக்காரர் ஒரு மாதம் கழித்து வருவதாக ஏற்பாடு. மொரப்பூர் ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிட நானும் ராஜப்பனும் போனோம். முறுக்கு, ராகி மாவு, பைரவர் கோயில் விபூதி எல்லாம் கட்டிக் கொடுத்தேன். ரயில் வந்ததும் அவள் துணிப்பெட்டியை உள்ளே தள்ளிவிட்டு வாசலில் நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். நெற்றி சுருங்கியது.

"ஏங்க்கா, புழு இப்ப கடைசித் தோலு உரிச்சிருக்குமே. ஷெட்டுல யாரு இருக்கறாங்க?"

ராஜப்பன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் காட்டினார். "இது இருக்குதே. சவுக்கியம்னு போட்டிருக்குது."

ரயில் நகர ஆரம்பித்தது. யுவராணி கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே எட்டி, பிளாட்பாரமே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள்:

"சவுக்கியம்னு எழுதி வெச்சதே நான்தான் மாமா! அது புழுவக் கண்டுச்சா? ரெண்டு பேரும் இங்க நிக்காதீங்க, மொதல்ல வூட்டுக்குப் போயி கதவத் தொறந்து பாருங்க!"